பதினொரு ஆப்புகள்

பாயே, குளியல் மண்டப வேலையிடம்.
அக்டோபர் முதல் நாளுக்கு ஆறு நாள் முன். விடிந்து மூன்றாம் மணி. முட்டுகள் நாற்பத்தெட்டு, ஆப்பு அடித்தவை பதினொன்று, விரிசல் ஒன்று.

ஹெல்வியாவுக்கு நிகாண்டர் எழுதுவது.

நீ நலமென்றால் நன்று. நான் நலமில்லை. இந்த மெழுகுப் பலகையை வேறு யாரும் பார்க்க வேண்டாம்.

நாளை நண்பகலில் பெரிய மண்டபக் கூரையைத் தாங்கும் மர முட்டுகளை எடுக்கிறோம். கடைசி முட்டு விழும்போது மேஸ்திரி கூரைக்கடியில் நடுவில் நிற்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். மேஸ்திரி உன் அப்பா.

முந்தாநாள் பதினொரு முட்டுகள் கையால் தொட்டாலே ஆடின. கூரைக்கும் அதைத் தாங்கும் அடிப்பலகைக்கும் நடுவே கத்தி நுழையும் இடைவெளி. நான் ஏதென்சில் படித்தவன். இங்கே கூரையே சாந்தில் வார்த்த வளைவு; அங்கே சாந்தே கிடையாது. கல்மேல் கல், இரும்புக் கவ்வி, சுற்றி உருக்கிய ஈயம். மயிரிழை இடைவெளி தெரிந்தால் செருப்படி விழும். யாரையும் கேட்காமல் பதினொன்றிலும் ஆப்பை இறுக அடித்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது மாமா சொல்கிறார்: "முட்டு ஆடுச்சுன்னா கொண்டாடணும் மாப்ளே. கூரை தன் கால்ல நின்னுடுச்சுன்னு அர்த்தம். உங்க ஊர்ல கல்லு தூண் மேல படுத்துக் கிடக்கும். நம்ம கூரை பக்கச் சுவரைத் தள்ளிக்கிட்டு நிக்கும்."

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மேலே ஏறிப் பார்த்தேன். உச்சியில் விரிசல், இரண்டு முழம். ஆப்படித்து நான் கீழிருந்து தள்ளியதால் வந்தது. ஈரச் சுண்ணாம்பு பூசி மறைத்தேன். இன்று காலை அந்தப் பூச்சும் பிளந்திருக்கிறது.

சொன்னால் வேலை போகும். கிரேக்கன் கெடுத்தான் என்று இந்தக் கரை முழுக்கப் பேசுவார்கள். அதனால் உனக்கு வயிற்றுவலி என்று ஆளனுப்பி நாளை மாமாவை வீட்டுக்கு அழைத்துக்கொள். படித்ததும் மெழுகைத் தேய்த்துவிடு.

நிகாண்டர்


புத்தேயோலி. அதே நாள், விடிந்து ஒன்பதாம் மணி.

என் நிகாண்டருக்கு,

பலகையின் மறுபக்கத்தில் எழுதுகிறேன். உங்கள் பக்கத்தை அழிக்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டால் நடுவில் யார் நிற்பது? அவருக்கு அடுத்தவன் தெர்தியுஸ். அவன் மனைவி நேற்றுதான் எனக்கு மீன் கொடுத்தாள். அவளுக்கும் வயிற்றுவலி வரச் சொல்லவா?

பெண் கேட்டு வந்த அன்றே, "உங்க வீட்டுச் சுவர் கோணல்" என்று அப்பா முகத்துக்கு நேரே சொன்ன மனிதர் எங்கே போனார்? அந்த வாயை நம்பித்தான் அப்பா என்னைக் கொடுத்தார்.

பலகையை அப்பா கையில் கொடுங்கள். இல்லையென்றால் நாளை நண்பகலுக்குள் நானே படகேறி வந்து நடுவில் நிற்பேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஹெல்வியா


பாயே. அக்டோபர் முதல் நாளுக்கு ஐந்து நாள் முன். விடிந்து முதல் மணி. முட்டுகள் நாற்பத்தெட்டு. ஆப்புகள் பதினொன்று. விரிசல் இப்போது மூன்று முழம்.

ஹெல்வியா,

கொடுத்துவிட்டேன். மாமா இரண்டு முறை படித்தார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மேலே ஏறி என் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.

"அடிச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப எடுக்கிறதும் நீதான். மெதுவா எடு. விரிசல் மூடிக்கிச்சுன்னா பிழைச்சோம்."

"மூடலன்னா?"

"அதைப் பேச நாம இருக்க மாட்டோம் மாப்ளே."

அந்த ‘நாம’தான் என்னைக் கொல்கிறது. நீங்கள் வெளியே நில்லுங்கள் என்றேன். "மேஸ்திரி எங்க நிக்கணும்னு நீயா சொல்றது? எட்டடிக்கு ஒரு தூண் நடுற ஊர்க்காரா!" என்று சிரித்தார். அவர் உதடும் வெளுத்துத்தான் இருந்தது.

பலகையைத் திருப்பித் தரவில்லை. இது வேறு பலகை. இனி நான் செய்யப்போவது:

1. தெர்தியுஸ் உட்பட எல்லோரையும் கரைக்கு அனுப்புவேன்.

2. மாமாவிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பேன். போகமாட்டார்.

3. உச்சிக்குக் கீழே உள்ள ஆப்பிலிருந்து தொடங்கி, இருபக்கமும் மாறி மாறி, ஒவ்வொன்றாகத் தளர்த்துவேன்.

4. ஒவ்வோர் ஆப்புக்கும் பிறகு நூறு எண்ணுவேன். இந்த முறை அவசரப்பட மாட்டேன்.

5. பதினொன்றும் தளர்ந்ததும் மேலே ஏறி விரிசலில் கத்தியை வைத்துப் பார்ப்பேன்.

6. கத்தி நுழையாவிட்டால் "நிற்கிறது" என்று ஒரே சொல் எழுதி, உன் அப்பா கையால் அனுப்புவேன். அதுவரை படகேறாதே. இந்தப் பலகையையும் அழிக்காதே.

நிகாண்டர்