அழிக்கச் சொன்ன குரல்

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரேடியோ கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் முத்தையா, அவர் மகள் செல்வி, நம் சம்பந்தியம்மா ராமாத்தாள், நான், நீங்கள். ஒருத்தரையும் மறக்கவில்லை.

இன்று காலை உங்கள் பைக் நம் தெருவுக்கு வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அதை மம்சாபுரத்துக்காரர் ஒருத்தருக்கு விற்றோம். அவரும் தலையணைதான் விற்கிறார். ஸ்பீக்கரில் அதே செல்வியின் குரல், துலக்கி வைத்த மாதிரி. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு முன்னே அதில் உங்கள் குரல்தான். நம் அடுப்படியில் பதிந்தது. "தலகாணீ... இலவம்பஞ்சுத் தலகாணீ..." என்று நீங்கள் இழுத்து முடிக்குமுன், "சோறு ஆறுது, வாரியளா இல்லையா?" என்று நான் கத்தியதும் சேர்ந்து பதிந்துவிட்டது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தெருத்தெருவாக நான் கத்தினேன். மகளைப் பார்க்கப் போனால் வாசலிலேயே சம்பந்தியம்மா, "என்ன மதினி, இன்னைக்காவது சோறு சூடா இருக்கா?" என்பாள். அம்புட்டுப் பேரும் சிரிப்பார்கள்.

பழைய ஸ்பீக்கர் கரகரத்ததால் மாற்றப் போனோம். புதுசுக்கு வசதியில்லை. முத்தையா எதிலிருந்தோ கழற்றிய ஆம்ப்ளிஃபயரையும், விளிம்பு நசுங்கிய கூம்பு ஸ்பீக்கரையும் பைக் பேட்டரியில் மாட்டினார். போட்டுப் பார்த்தபோது என் கத்தல் கடைவீதி முழுக்கக் கேட்டது. சம்பந்தியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அண்ணாச்சி, அத அழிங்க. உங்க மக பேசட்டும்" என்றேன்.

நீங்கள் என் பக்கம் குனிந்தீர்கள். "இருக்கட்டும்ட்டி. தெருத்தெருவா நீயும் கூட வார மாதிரி இருக்கு."

நான் கேட்கவில்லை. வேறு மெமரி கார்டாவது வாங்குவோம் என்றீர்கள். "அதுக்கு வேற தண்டச் செலவா? இதுலயே அழிச்சுட்டுப் போடட்டும்."

தலையாட்டிவிட்டீர்கள். செல்வி செத்த நேரத்தில் பேசி முடித்துவிட்டாள்.

இப்போது உங்கள் குரல் எங்கேயும் இல்லை. மகள் எல்லாருடைய போனிலும் தேடிவிட்டாள். சம்பந்தியம்மாவோடு நான் இன்னும் பேசுவதில்லை. ஆனால் அவள் சிரித்தாள், அவ்வளவுதான். அழிக்கச் சொன்ன வாய் என்னுடையது. அதை எங்கே கொண்டுபோய்க் கழுவ?

ஆனாலும் ஒன்று. பஸ் கண்டக்டரை அதட்டுவீர்கள், மருமகனை அதட்டுவீர்கள். அன்றைக்கு என்னை ஒரே ஒரு தடவை, "முடியாதுட்டி, போ" என்று அதட்டியிருக்கலாமே. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன். பொறவு சரியாகியிருக்கும்.

கட்டின புருசன் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை; ரேசன் கடையில்கூட மகளைத்தான் சொல்லவிடுவேன். இன்றைக்கு எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். நான் மன்னிக்கவே மாட்டாத ஆள், வேலுச்சாமி.