செத்த சிப்பாய்க்குக் காப்பி

தெருவில் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதிப் பட்டாசு வெடிக்கிறார்கள். ஜன்னல் வழியே மருந்து வாசனை வருகிறது. இங்குள்ள மற்ற தமிழர்களுக்கு இது தீபாவளியை ஞாபகப்படுத்தும். எனக்கு ஞாபகம் வருவது, பிரின்ஸ்டன் பனிவெளியில் கையில் ஃபிளாஸ்க்கோடு கயிற்றைத் தாண்டிப் போன நீதான்.

இரண்டாயிரம் பிறந்த ஜனவரி அது. நியூ ஜெர்சியில், எடிசனில் நாம் இருவரும் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தோம். கம்ப்யூட்டர்களில் வருஷக் கணக்கைத் திருத்தும் ஒய்டூகே வேலை முடிந்ததும் உன் கன்சல்டிங் கம்பெனி உன்னைக் கொஞ்ச நாள் வேலை தராமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஊருக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டது. அடுத்த வாரம் டிக்கெட். மதுரையில் உன் அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். போவதா வேண்டாமா என்று உனக்கே தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து புழுங்க வேண்டாமென்று, அமெரிக்கச் சுதந்திரப் போரின் ஆரம்பச் சண்டை ஒன்றை நடித்துக் காட்டுகிற இடத்துக்கு உன்னை இழுத்துப் போனேன்.

நீ எதையும் சும்மா பார்ப்பவளா? அங்கிருந்த பலகையை ஒரு வரி விடாமல் படித்தாய். அமெரிக்கப் படைக்கு நியூயார்க்கில் தோல்வி மேல் தோல்வி. நியூ ஜெர்சி நெடுக ஓட்டம். பிறகு ஆற்றைக் கடந்து வந்து ட்ரென்டனில் ஒரு வெற்றி. அதற்குள் வருஷம் முடிந்து, பல சிப்பாய்களுக்கு ஒப்பந்தமும் முடிந்துவிட்டது.

"ஐயோ, இவங்களும் கான்ட்ராக்ட்ல வந்தவங்கதான்டி! முடிஞ்சப்புறமும் எதுக்கு இருந்தாங்க? கிரீன் கார்டா குடுத்தாங்க?" என்று சத்தமாகக் கேட்டாய். நல்லவேளை, சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது.

துப்பாக்கிகள் வெடித்தன. அமெரிக்கச் சிப்பாயாக நடித்த நீலக் கோட்டுப் பெரியவர் ஒருவர் நம் கண்ணெதிரே 'செத்து' பனியில் விழுந்தார். சண்டை தள்ளிப் போய்விட்டது, அவர் மட்டும் அப்படியே கிடந்தார். உனக்குப் பொறுக்கவில்லை.

"பாவம்டி, ஜன்னி வந்துரும்" என்று வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் உன் சால்வையை அவர்மேல் போர்த்தினாய். ஃபிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி நீட்டினாய். பிணம் ஒரு கண்ணைத் திறந்து, முரசு கொட்டும்வரை தான் செத்துத்தான் கிடக்க வேண்டும் என்று கிசுகிசுத்தது. உன்னைப் பிடித்து இழுக்க ஓடி வந்த எனக்கு மானமே போயிற்று.

முரசு கொட்டியதும் அவர் எழுந்து வந்து காப்பியைக் குடித்தார். நீ விடுவாயா? ஒப்பந்தம் முடிந்தும் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று அவரையே கேட்டாய். அவரும் சிப்பாயாகவே பதில் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் இருக்க முடியுமா என்று தளபதி கேட்டபோது முதலில் ஒருவரும் அசையவில்லையாம். பிறகு பக்கத்தில் நின்றவன் 'நீ இருப்பாயா?' என்று கேட்டானாம். இரண்டு பேருமாக முன்னே வந்தார்களாம்.

"அவ்வளவுதானா?" என்றாய் என்னிடம், ஏமாற்றத்தோடு.

திரும்பும்போது ரூட் ஒன் நெடுஞ்சாலை ட்ராஃபிக்கில் கார் நின்றபோது கேட்டாய்.

"நான் இருக்கட்டுமாடி?"

"இரு" என்றேன். விசா என்னாகும், அப்பாவிடம் என்ன சொல்வாய், எதையும் யோசிக்கவில்லை. நீயும் இருந்துவிட்டாய். பனி உருகுவதற்குள் வேறு வேலை கிடைத்தது. அப்பாதான் வெகுநாள் உன்னோடு பேசவில்லை.

நீ இறந்துபோன பிறகு உன்னை நினைத்து அழுததைவிட யோசித்ததுதான் அதிகம். கேள்வி கேட்கும் உன் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அன்று காரில் நீ, "வாடி, ரெண்டு பேரும் ஊருக்கே போயிடலாம்" என்று கேட்டிருந்தால் நான் கிளம்பியிருப்பேனா? அத்தனை கேள்வி கேட்ட நீ, அதை மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் பதில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.