பூண்டு போன கொட்டகை

செப்டம்பர் 28, திங்கள்

காலையிலிருந்து மழை. பூண்டியில் மூன்று நாளாக வெயில் இல்லை. காலாண்டு விடுமுறை, முதல் நாள்.

சர்ச் ட்ரம்ஸ் எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டது. அப்பாவின் வேனில், தார்ப்பாய் போட்டு. உபதேசியார் கடைசிவரை கூடவே நின்றார். "சனிக்கெழம அஞ்சு மணிக்கு எடத்துல இருக்கணும் ஜெனி. ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு நான் மேசையத் தட்ட முடியாது."

நிலவரம்:
1. முதல் பாதி தயார். நாளை பதிவு.
2. இரண்டாம் பாதி: ஒன்றுமே இல்லை.
3. ஞாயிறு மாலை ஆறுக்குள் சென்னை இசைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம். சொந்தமாக அமைத்தது. ட்ரம்ஸ் மட்டும்.

அப்பாவுடன் பேச்சு: அவர்கள் கூப்பிட்டால் ப்ளஸ் டூ முடிந்ததும் போகலாம். கூப்பிடாவிட்டால் திண்டுக்கல்லில் நர்சிங், மறுபேச்சு கிடையாது. நர்சிங் விண்ணப்பப் பாரம் பீரோவில். என் பெயரை அப்பாவே எழுதிவிட்டார். அழகான கையெழுத்து, அதுதான் கஷ்டம்.

கொட்டகை: பூண்டைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாக மேலே தொங்கவிட்டுக் கீழே புகை போடும் இடம். கூரையிலிருந்து என் தலை வரை பூண்டு. நெருப்பு அணைத்து இரண்டு நாளாகிறது. வீட்டில் அடித்தால் தகரம் அலறும். சர்ச்சில் எல்லாம் குழையும். இங்கே ஒவ்வொரு அடியும் விழுந்த இடத்திலேயே நிற்கிறது. நல்ல அறை.

செப். 29, செவ்வாய்

தூறல். ஸ்டெல்லா (இனி ஸ்டெ.) கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸில். என் வகுப்பு. அவள் அக்கா கல்யாண வீடியோக் கடையில் வேலை, அங்கிருந்து இரண்டு மைக். இன்றும் சனிக்கிழமையும் மட்டும் கிடைக்கும்.

முதல் பாதி எப்படி வந்தது என்று எழுதிவைக்கிறேன், மறந்துபோகும். அம்மாவும் சரசு அத்தையும் பூண்டின் காய்ந்த தாளை அறுக்க உட்கார்ந்திருந்தார்கள். அம்மா: அறு, அறு, கூடையில் போடு. மூன்று. சரசு அத்தை நடுவில் ஒரு எண் வாய் பேசுவாள். நான்கு. பன்னிரண்டாவது எண்ணில் இரண்டு பூண்டும் ஒன்றாகக் கூடையில் விழும். வலது கை அம்மா, இடது கை அத்தை. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஏழு பக்கம்.

பதினான்காவது தடவை சரியாக வந்தது. ஸ்டெ. ஹெட்போனைக் கழற்றாமலே கத்தினாள்: "யாரோ காதுக்குள்ள உக்காந்து அடிக்கிற மாதிரி இருக்குடி!"

விரல் கொப்புளம், இரண்டு. சந்தோஷம்.

செப். 30, புதன்

இரண்டாம் பாதி வரவில்லை. முயன்றவை: மழை (எல்லாரும் செய்வது). தண்ணீர் தெளிக்கும் குழாய் (இரண்டு நிமிடத்தில் சலிப்பு). பஸ் ஏற்றத்தில் கியர் மாற்றுவது (ஸ்டெ. போனில் கேட்டுவிட்டு, "வயித்துவலி மாதிரி இருக்கு"). நான்கு பக்கம் கிழித்தேன். எனக்குள் இருந்தது அந்த ஒரு பாதிதானோ?

சாயங்காலம் அப்பா எட்டிப் பார்த்தார். புகை போடுகிற மாதங்களில் அவருக்கு இருமல் விடாது. இருமி முடித்துவிட்டு, "நாளைக்கு லாரி வருது. பொறவு கொட்டகை சும்மாதான் கெடக்கும். தாராளமாக் கொட்டிக்க."

இடம் கிடைக்கும். தலையில் பூண்டு இடிக்காது. நன்றி சொன்னேன்.

அக்டோபர் 1, வியாழன்

வெள்ளனே லாரி. நானும் கட்டுகளை இறக்கினேன், வெரசாக முடிந்தால் வாசிக்கலாம் என்று. பதினொரு மணிக்குக் கொட்டகை காலி. பெருக்கினேன். உட்கார்ந்தேன். ஒரே ஒரு அடி.

அடித்தது ஒன்று, கேட்டது ஒரு கூட்டம். கல் சுவர் கத்துகிறது, தகரம் கூடக் கத்துகிறது.

அறை நல்ல அறை இல்லை. பூண்டுதான் நல்லது. அது சத்தத்தையெல்லாம் குடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் கையாலேயே இறக்கி லாரியில் கொடுத்தேன்.

அம்மா: "எதுக்குடி அழுகுற? பூண்டு வித்ததுக்கா?"
"ஆமா."
"லாரிக்காரன் கேட்டாச் சிரிப்பான்."

அக். 2, வெள்ளி

பனி. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை.

கட்டிப் பார்த்தவை: சாக்கு 22 (கொஞ்சம் பரவாயில்லை). அம்மாவின் சேலை (பயனில்லை). கம்பளி 2 (அந்த இடத்தில் மட்டும் நன்று, இரண்டு போதாது). பழைய ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து எதிரொலிப் பாடம் படித்தேன். மெத்தென்ற பொருள்கள் ஒலியை உட்கவரும். பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

மதியம் ஆத்திரத்தில் ஓங்கி அடித்துவிட்டு, சுவர் ஓயட்டும் என்று காத்திருந்தேன். நான்கு எண்ணிக்கை. மறுபடி. நான்கு. அப்போது வந்தது. முதல் பாதியின் அதே அடிகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை இறக்கிவிட வேண்டும், கட்டுகளை இறக்கியது போல. கடைசியில் நான்கு எண்ணிக்கை வெறுமை. பிறகு ஒரே அடி. முடிந்தது.

ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் இந்தச் சுவர்களுக்குள் வெறுமை எங்கே கிடைக்கும்? நான் நிறுத்தினாலும் அது நிறுத்தாது. நாளை ஐந்து மணிக்கு ட்ரம்ஸ் போய்விடும். கடவுளே.

அக். 3, சனி

எழுத நிறைய. மெழுகுவர்த்தி, கரண்ட் இல்லை.

ஸ்டெ. பத்து மணிக்கு வந்து, ஒரு அடி கேட்டு, "செத்தோம்" என்றாள். சாக்கும் கம்பளியும் கட்டிப் பன்னிரண்டு தடவை அடித்தேன். பன்னிரண்டும் குப்பை. மூன்றரைக்கு அம்மா காரட் காட்டிலிருந்து கூட வேலை செய்கிறவர்களை அப்படியே கூட்டிக்கொண்டு வந்தாள். அவளோடு சேர்த்துப் பதினான்கு பேர். எல்லாரும் ஸ்வெட்டர், தலையில் கம்பளித் துண்டு. நான் கேட்கவில்லை. நேற்று அந்தப் பாடத்தைச் சத்தமாகப் படித்திருக்கிறேன் போல.

சரசு அத்தை: "பூண்டுக்குப் பதிலா நாங்களாம்ல? ஏடி ஜெனி, தொங்கணுமா, நின்னாப் போதுமா?"

"நின்னாப் போதும் அத்தை. பேசக் கூடாது."

"அதுக்குத் தொங்கிரலாம்."

சுவரை ஒட்டி நிறுத்தினோம். ஒரு அடி. அழுகை வந்துவிட்டது. பூண்டு திரும்பி வந்த மாதிரி. ஆனால் கதவு மூலை மட்டும் இன்னும் கணகணவென்று. ஆள் போதவில்லை. நாலு நாற்பது. அப்பா வேனோடு வந்து வாசலில் நின்றார்.

"ஆச்சா?"

"இல்லப்பா. அந்த மூலை."

மூலையைப் பார்த்தார். பீரோவிலிருக்கும் பாரம் என் கண்ணில் வந்தது. வேனுக்குப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து மூலையில் நின்றார்.

ஒரே தடவைக்குத்தான் நேரம். இரண்டு பாதியையும் சேர்த்தே அடித்தேன். இவ்வளவு நன்றாக நான் அடித்ததில்லை, இனியும் அடிப்பேனா தெரியாது. ஒவ்வொன்றாக இறக்கி, இறக்கி, வெறுமைக்கு வந்தேன். பதினாறு பேர் மூச்சுப் பிடித்து நிற்கிறார்கள். ஒன்று. இரண்டு.

அப்பா இருமினார்.

கடைசி அடியை அடித்துவிட்டேன், கை தானாகவே. யாரும் அசையவில்லை. அப்பா மெதுவாக, "அடக்கித்தான் பாத்தேன்."

இன்னொரு தடவைக்கு நேரமில்லை. கழற்றி ஏற்றினோம். அப்பா மேல் கோபம் இல்லை என்று இங்கே எழுதலாம். இருந்தது.

அக். 4, ஞாயிறு

ஆராதனையில் கை தன்பாட்டுக்கு வாசித்தது. போன் சிக்னல் ரோட்டு வளைவில்தான் கிடைக்கும். அங்கே கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று வீட்டிலேயே தங்கிய ஸ்டெ. பக்கத்தில். மணி 4.50.

ஸ்டெ.: "இருமல வெட்டிரவா? ஒரு நிமிச சோலி. கேக்குறவங்க வெளயாட்டுன்னு நெனச்சு ஒதுக்கிட்டா?"

வெட்டச் சொன்னேன். வெட்டிவிட்டு அந்த இடத்தில் வெறும் அமைதியை ஒட்டினாள். கேட்டேன். கச்சிதமாக இருந்தது. கொட்டகையில் யாருமே இல்லாதது போலவும் இருந்தது.

வெட்டாததைக் கேட்டேன். விரலால் தொடையில் எண்ணிக்கொண்டே. ஐந்து தடவை. இருமல் மூன்றாவது எண்ணில் விழுகிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"இதையே அனுப்பு."

"பாரம் பீரோவுலதான இருக்கு? யோசிச்சியா?"

"அனுப்புடி."

5.20. முப்பத்தெட்டு சதவீதம். பனி ஏறி வருகிறது. ஸ்டெ. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கிறாள்.

5.41. அறுபத்தொன்று. நிற்கிறது. "அசையாத" என்கிறாள். பேனாவையும் மூடுகிறேன்.