நெற்றியில் இரண்டு கொப்புளங்கள்

12 டிசம்பர், வெள்ளி

என்ன மனுஷன் இவர்! மூளைக்கு லேசாகக் கரண்டு கொடுத்தால் கவனம் கூடும் என்ற விளம்பரத்தை நம்பி, தலைப்பட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கி, நீட் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் மகள் கயலுக்குத் தினமும் மாட்டிவிடுகிறார்.

வெள்ளிக்கிழமையாயிற்றே என்று காலையில் அவள் தலையில் எண்ணெய் வைத்து ஊறவிட்டிருந்தேன். நெற்றிவரை வழிந்திருந்தது. அதன் மேலேயே பட்டையை மாட்டியிருக்கிறார். சரியாகப் படியவில்லை என்று மெஷின் கத்தியிருக்கிறது. துடைக்கத் தோன்றவில்லை, கரண்டைக் கூட்டியிருக்கிறார்.

“எரியுதுப்பா!”

“பொறுத்துக்க ஆத்தா, இருபது நிமிசந்தான்.”

நான் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் நெற்றியில் இரண்டு கொப்புளங்கள்.

“எந்த டாக்டர்கிட்டக் கேட்டீக?” என்றேன்.

“வீடியோவுல டாக்டர்தான சொன்னாக! நீ எதுக்குடி எண்ணெ வச்ச?”

திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க நாலு பேரைக் கேட்கிறவர், பெற்ற பிள்ளையின் தலைக்கு ஒருவரையும் கேட்கவில்லை. பட்டையைப் பிடுங்கிக் குப்பையில் வீசினேன்.

இப்போது பார்த்தால் அது துடைத்துச் சுத்தமாகக் கயலின் மேசையில் இருக்கிறது. அவர்தான் எடுத்தாரோ என்று கொதித்துப்போய் அவளிடம் கேட்டேன்.

“நாந்தாம்மா எடுத்தேன். நாளைக்கு டெஸ்ட் இருக்கு. நீ எண்ணெ மட்டும் வைக்காத.”