துப்பாக்கிக்குள் தேங்காய் எண்ணெய்

11-12-1988, ஞாயிறு

அப்பாவின் பழைய வேட்டைத் துப்பாக்கி சில சமயம் வெடிக்கும், சில சமயம் 'டிக்' என்று மட்டும் கேட்கும். போன வாரம் வேட்டையிலிருந்து விடியற்காலையில் குடித்துவிட்டு வந்தவர், அம்மாவைக் குறிவைத்து விசையை அழுத்தினார். 'டிக்'. "விளையாட்டுக்கு, தோட்டா இல்லை" என்று சிரித்தார். தோட்டா இருந்தது. நான் பார்த்தேன்.

இன்று காலை அப்பாவின் நண்பர் தாமஸ் மாமா சேக்காட்டிலிருந்து வந்து அதைப் பிரித்தார். தோட்டாவைத் தட்டும் ஊசியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. மோந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், துப்பாக்கிக்குத் தலை வாரி பூ வெச்சினு கீறியா? தேங்கா எண்ணெய்! குளிர்ல ஒறஞ்சா ஊசி எப்டி ஓடும்? வெயில் ஏறினா இளகிடும், அப்போ வெடிக்கும்."

அப்பா சிரிக்கவில்லை. "யார் வேலை?" என்றார்.

"துரு பிடிக்கக் கூடாதுன்னு நான்தான்பா போட்டேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. அப்பா அவளையேதான் பார்த்தார்.

மாமா மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். ஏரிக்கரையில் மூன்று தடவை சுட்டுப் பார்த்தார்கள். மூன்றும் வெடித்தன. துப்பாக்கியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுச் சாயங்காலம் வெளியே போன அப்பா, இன்னும் வரவில்லை.

படுக்கும்போது அம்மா சொன்னாள்: "நாளைக்கு எண்ணெய் வைக்காமலே பின்னிக்கோடி. பாட்டில் காலி."

நேற்றுதான் நான் முழு பாட்டில் வாங்கி வந்தேன்.

மாதாவே, இன்று நன்றாகக் குளிரட்டும்.