மவுஸுக்கு அடியில் ஒரு கல்யாண வாட்ச்

உன் வாட்ச் என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நேற்று உன் முதல் வருஷத் தெவசம். திருப்புலிவனத்திலிருந்து கிளம்பும்போது உன் மனைவி அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். தோல் பட்டையில் ஒரு மடிப்பு இல்லை. கல்யாணத்தன்று மட்டும்தானே நீ அதைக் கட்டினாய். மாமனார் வீட்டில் போட்டது. தங்க நிறம், பெரிய முகம், நிற்காமல் ஓடும் சிவப்பு வினாடி முள்.

அந்த முள்தான் உனக்குப் பிடித்தது.

நாம் செய்தது மெடிக்கல் கோடிங். கடலுக்கு அப்பால் யாரோ ஒரு நோயாளி. அவர் குறிப்பை, சார்ட் என்போம், படித்து நோய்க்கான எண்ணைப் போட வேண்டும். அவ்வளவுதான். சென்னை ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பிறகு வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றார்கள். நான் உத்திரமேரூருக்கு வந்தேன், நீ உன் ஊருக்கு. முதல் வாரம் போனில் சிரித்தாய்.

"கம்பெனி வூட்டுக்கே வந்துட்ச்சி மச்சான். அதுக்கும் சேத்து நாஷ்டா சுடணுமானு உன் தங்கச்சி கேக்குது."

மவுஸ் ஐந்து நிமிடம் அசையாவிட்டால் நம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை வட்டம் மஞ்சளாகிவிடும். குளித்தால் மஞ்சள். வயலில் மோட்டார் போட்டுவிட்டு வந்தால் மஞ்சள். எத்தனை முறை மஞ்சள் என்று மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். நீதான் வழி கண்டுபிடித்தாய். வாட்சின் முகத்தில் மவுஸை வைத்தால், ஓடும் முள்ளைப் பார்த்து மவுஸ் தானே அசைவதாக நினைத்துக்கொள்ளும். வட்டம் பச்சையாகவே இருக்கும்.

"மாமனாரு இன்னாத்துக்குப் போட்டாரோ, இப்பதான் ஒயுங்கா வேல செய்யுது."

முதலில் பத்து நிமிடம், மோட்டார் போட. அப்புறம் சாப்பாட்டுக்கு. அப்புறம் எப்போதும். எப்போதும் பச்சையாக இருக்கிற ஆளிடம் எப்போதும் கேட்கலாம். விடிந்ததும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன். அதற்குள் என்னை டீம் லீடர் ஆக்கியிருந்தார்கள்.

உனக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள் நீயே போன் செய்தாய்.

"ஜொரம்டா. வாட்சு வேல பாத்துகினு கீது, நான் படுத்துகினு கீறேன்."

"லீவு போடேன்டா."

"போட்டா ஆபீசுக்கே வந்துடுன்னுவான். திரும்ப மெட்ராஸ் ரூமு. இவளுக்கு ஏயாம் மாசம்டா. நீ லீவு கீவுனு எதுவும் சிஸ்டத்துல ஏத்திடாத."

சிரித்தேன். ஏற்றவில்லை.

ஆகவே எனக்குத் தெரியும். இதை எழுதத்தான் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. மற்றவர்களுக்கு உன் பச்சை வெறும் பச்சை. அதற்கு அடியில் நீ இல்லை, ஒரு வாட்ச் மட்டும் இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்றாம் நாள் மேலிருந்து ஃபைல் வந்தது. பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். நீ பச்சை.

நம்பினேன். எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை.

'மச்சான், ரெண்டு சார்ட் மட்டும்.'

உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. எழுத்து இல்லை, பொம்மை விரல் மட்டும். மாலையில், 'முடிஞ்சுதா?' கட்டைவிரல். மறுநாள் காலை, 'அவசரம்டா.' கட்டைவிரல்.

அன்று மதியம் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாய். இரண்டு நாளும் பச்சை. சேதி வந்த நிமிடமும் பச்சை. உன் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் அழுகை. உள்ளறையில் கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் லேப்டாப் விழித்திருந்தது. மவுஸைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். ஐந்து நிமிடம் நின்றேன். மஞ்சளானாய். உனக்கு நான் செய்த கடைசிக் காரியம் அது.

காய்ச்சலுக்கு ஓர் எண் உண்டு. எனக்கு மனப்பாடம்.

நேற்று படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உன் மனைவி பின்வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். உன் நெற்றி அதற்கு. பக்கத்தில் போய் நின்றேன்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அவன் படுத்துகினு இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பிச்சேன்."

அவள் நிமிரவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"கட்ட வெரலு போட்டது யாருன்னு நெனச்சிகினு கீறீங்க?"

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"அவரு கண்ணே முயிக்கல. போனு டிங்கு டிங்குனு அட்ச்சிகினே கீது. எது வந்தாலும் வெரலப் போட்டுடுன்னு மொத நாளே சொல்லி வெச்சிருந்தாரு. போட்டேன். மூணு தபா. போட்டுட்டு கஞ்சி வெக்கப் போய்ட்டேண்ணா."

குழந்தை அடுத்த வாய்க்குக் கையைத் தட்டியது.

"ஒரு தபா போடாம உட்டிருந்தா நீங்க போன் பண்ணியிருப்பீங்க. இல்ல?"

பண்ணியிருப்பேனா? "ஆமா" என்றேன். அது அவளுக்கு ஆறுதலா தண்டனையா என்று சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

கிளம்பும்போது வாட்சை நீட்டினாள். "ரெண்டு தபா பேட்டரி மாத்திட்டேன். நின்னாலும் பேஜாரா கீது, ஓடுனாலும் பேஜாரா கீது. நீங்க எட்த்துகினு போங்கண்ணா."

இப்போது திங்கட்கிழமை, காலை பதினொன்று. இதைத் தாளில் எழுதுகிறேன். திரையில் என் பெயர் பச்சை. ஏனென்றால் என் மவுஸ் உன் வாட்சின் மேல் இருக்கிறது. உனக்கு எழுதுவதற்கான நேரத்தையும் உன்னிடமிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்.

என் டீமில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் பச்சை. எந்தப் பச்சைக்கு அடியில் ஆள் இருக்கிறார், எதற்கு அடியில் வாட்ச் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீ போன பிறகு வந்த பழக்கம். ஒவ்வொரு சார்ட்டையும் அனுப்பும் முன் விரல் நிற்கிறது. நின்றுவிட்டு அனுப்புகிறது. திருந்திவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மவுஸைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

நான்காவது நிமிடம் கை தானாக அதனிடம் போனது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சளானது. உடனே ஒரு மணியோசை. மேலிருந்து.

'இருக்கீங்களா?'

வாட்சின் முள் ஓடுகிறது. பதில் சொல்லவில்லை. பேனாவை நான்கு விரலால் பிடித்து இதை எழுதுகிறேன், கட்டைவிரலை உள்ளே மடக்கி.