எல்லாக் குமிழும் கடைசிவரை

மார்ச் 3, செவ்வாய்

ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். நான் கதவைத் திறக்கும்வரை சட்டம் பேசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை மாட்டி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் கால் பெடலின் நாலு குமிழையும் கடைசிவரை திருப்பி, கம்பியை ஒரு இழுப்பு இழுத்தேன். மனசு ஆறியது. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை.

ஒரு காலத்தில் சுவீடன்காரப் பையன்கள் டெத் மெட்டல் என்ற உறுமல் இசையில் கொண்டுவந்த சத்தம். ரம்பத்தைத் தகரத்தில் வைத்து இழுப்பது மாதிரி கரகரவென்று இருக்கும். அவர்கள் செய்ததும் இவ்வளவுதான், எல்லாக் குமிழும் கடைசிவரை. எனக்கு மட்டும் ஏன் டப்பாவில் மாட்டிய ஈ மாதிரி கேட்கிறது? பத்தொன்பது வருஷமாக இதே கேள்வி.

மார்ச் 7, சனி

நாளை எங்கள் இசைக்குழுவின் முதல் ஆல்பம், ‘புழுக்களின் சபை’, வீட்டிலேயே பதிவாகிறது. மனைவியின் தையல் அறைக் கதவில் காகிதம் ஒட்டினேன்: ‘பதிவு நடக்கிறது. மிஷின் ஓட்டாதே.’ திங்கட்கிழமைக்குள் நாற்பது பள்ளிப் பாவாடைக்கு ஓரம் அடித்துத் தர வேண்டுமாம். இது கலை என்றேன். அது பாவாடை என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

வரிசையாகவே எழுதுகிறேன்.

டிரம்ஸ் என் மச்சான், மனைவியின் தம்பி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பேஸ் கிட்டாரும் குரலும், நாங்கள் கரடி என்று கூப்பிடும் நண்பன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அவன் பேசுவது காதில் விழ வாடிக்கையாளர்கள் குனிய வேண்டும். பாட ஆரம்பித்தால் மட்டும் கிணற்றுக்குள் எருமை விழுந்த மாதிரி இருக்கும். துணி மூட்டைகளுக்கு நடுவே எதிரொலி வராது என்று அவனுடைய மைக்கைத் தையல் அறையில் தொங்கவிட்டிருந்தோம். வாத்தியங்களை முதலில் பதிவுசெய்துவிட்டு, குரலைச் சாயங்காலம் சேர்ப்பதாகத் திட்டம்.

முதல் இரண்டு பாட்டிலும் அதே ஈ. மூன்றாவது, ‘எலும்புக் கிடங்கு’. அதற்கு முன்னால் மச்சான் கேபிள்களையெல்லாம் பிடுங்கித் தூசி ஊதித் திரும்பச் செருகினான். வாசித்தோம். டேப்பை ஓட்டிக் கேட்டோம்.

வந்துவிட்டது. அந்தச் சத்தமேதான். டிரம்ஸ் நின்ற இடத்தில் நின்று, பாய்ந்த இடத்தில் பாய்ந்து, எலும்பை அறுக்கிறது. நான் அழுதுவிட்டேன், எழுதிவைப்பதில் வெட்கமில்லை. கரடி கண்ணாடி துடைக்கிற துணியை நீட்டினான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கேசட்டுகள் வந்துவிட்டன. உள்ளே இருக்கும் அட்டையில் கிட்டாருக்கு நேரே என் பெயர். கடைசி வரியில் ‘நன்றி: பொறுமைக்காக, என் மனைவி’. அவள் படித்துவிட்டு, “யாரு, நானா?” என்று கேட்டு உள்ளே போய்விட்டாள்.

மே 12, செவ்வாய்

குளிர்நாடு ஒன்றில் கேசட் கடை வைத்திருக்கும் மனிதரிடமிருந்து கடிதம். முதல் இரண்டு பாட்டும் சுமார். மூன்றாவதைக் கேட்டுவிட்டுக் கடையை அரைநாள் பூட்டிவிட்டாராம். இப்படியொரு கிட்டாரை இளவயதுக்குப் பிறகு கேட்டதே இல்லையாம். ஜூன் 20 அன்று நாங்கள் நடத்தும் கச்சேரிக்கு விமானம் ஏறி வருகிறார். அவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எந்தப் பெடல்? பாட்டு முடிந்ததும் தூரத்தில் ஒரு பெண்குரல் சாபமிடுகிறதே, அது யார்?

பெண்குரலா?

மே 13, புதன்

ஹெட்ஃபோனில் கிட்டார் டிராக்கை மட்டும் தனியாகக் கேட்டேன். கடைசியில், சத்தம் நின்ற பிறகு:

“இந்த நூலை எவன் செஞ்சான்? அறுந்து அறுந்து தொலையுது.”

என் மனைவி.

மச்சான் தூசி ஊதிச் செருகியபோது கேபிள் மாறியிருக்கிறது. கிட்டார் டிராக்கில் ஏறியது தையல் அறை மைக். அந்தச் சத்தம், துணி ஓரத்தை அறுத்தபடியே தைக்கும் அவளுடைய ஓவர்லாக் மிஷின். அப்படியானால் என் கிட்டார்? டிரம்ஸ் மைக்கில் பதிவானதைக் காதோடு ஒட்டிவைத்துத் தேடினேன். இருக்கிறது. ஈ.

மே 14, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. பொய், இரண்டு தட்டு இறங்கியது. ஆனால் ருசி தெரியவில்லை.

மே 24, ஞாயிறு

அவமானம். அவள் நூல் வாங்கப் போன நேரத்தில் ஓவர்லாக்கில் உட்கார்ந்தேன். கச்சேரிக்கு முன் நானே பழகிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். காலை அழுத்தியதும் மிஷின் பேய் பிடித்த மாதிரி ஓடி, என் சட்டைக் கையின் ஓரத்தை அறுத்து, அதை ஒரு பாவாடையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்புப் பெண்ணின் பாவாடையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேறு வழியில்லை, டேப்பைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். காகிதத்தைப் பார்க்காமல் இல்லையாம். வேலை முடியாது போலிருந்ததால் ஓட்டினாளாம். தம்பி அடிக்கிற அடிக்குக் கால் தானாகப் போய்விட்டதாம்.

தையல் பிரிப்பானை எடுத்து என் சட்டைக் கையில் விழுந்த தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே சொன்னாள்: “பத்தொன்பது வருஷமா தேடுறீங்க. பத்தொன்பது வருஷமா நான் ஓட்டினா நிறுத்துன்னுதான் சொல்றீங்க.”

சுவீடன் வரைக்கும் காது போனது, பக்கத்து அறைக்குப் போகவில்லையே. என்ன ஜென்மம் நான்?

“அட்டையில என் பேரைப் போடுங்க,” என்றாள். “பொறுமைக்குன்னு வேணாம்.”

ஜூன் 20, சனி

அரங்கம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழுது. லிஃப்ட் மெக்கானிக்கான நான் மிஷினைத் தோளில் தூக்கிப் படியேறினேன். இதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

மேடையில் அவள் பள்ளிச் சீருடைத் துணியோடு உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். மச்சான் நாலு எண்ணினான். அவள் காலை அழுத்தினாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் ஆறடிக் கறுப்புச் சட்டைக்காரர்கள் தலையைச் சுழற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று துணி பிடித்துக் கொடுத்தேன். பாட்டு முடிந்தபோது ஏழு பாவாடைக்கு ஓரம் முடிந்திருந்தது.

கேசட் கடைக்காரர் மேடை ஏறி, எந்தப் பெடல் என்று அவளிடம் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் காட்டினாள். சாபத்துக்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மனிதர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

ஜூன் 28, ஞாயிறு

இரண்டாவது ஆல்பம் தொடங்கிவிட்டது. புது அட்டை அச்சாகி வந்திருக்கிறது. கிட்டாருக்கு நேரே அவள் பெயர். என் பெயர் கடைசி வரியில், பொறுமைக்காக.

மதியம் கிட்டாரை எடுக்கப் போனேன். என் அறைக் கதவில் காகிதம், அவள் கையெழுத்து: ‘பதிவு நடக்கிறது. கிட்டார் வேண்டாம்.’

நாலு குமிழையும் முதல் முறையாகக் கடைசிவரை இறக்கினேன். இப்போது தையல் அறைக்கு வெளியே உட்கார்ந்து, பாவாடைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன். உள்ளே மிஷின் ஓடுகிறது. என்ன அழகாக இருக்கிறது.